பொருந்தும் சக்கர நாற்காலியை வழங்குவது எப்படி: வளரும் நாடுகளில் பணியாற்றுவோருக்கான வழிகாட்டி

வளரும் நாடுகளில் மாற்றுத்திறனாளிகளுக்குச் சக்கர நாற்காலி வழங்கும் பணியில் இறங்க நினைக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் தனி நபர்களுக்கும் இந்த வழிகாட்டி பயன்படும் என்று நம்புகிறேன். உலகில் ஏறத்தாழ 8 கோடிப் பேருக்குச் சக்கர நாற்காலி தேவைப்படுகிறது என்றும், அவர்களில் 5 முதல் 35 விழுக்காட்டினருக்கு மட்டுமே, அதுவும் வாழும் இடத்தைப் பொறுத்து, அது கிடைக்கிறது என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. இந்த எண்களைக் கேட்டவுடன், எத்தனை நாற்காலி வாங்கலாம், ஒரே நாளில் எத்தனை பேருக்குக் கொடுக்கலாம் என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடும். அந்தக் கணக்கைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

விழா மேடையில் கொடுக்கப்பட்ட நாற்காலி சில மாதங்கள் கழித்து வீட்டு மூலையில் துணி காயப்போட உதவிக்கொண்டு நிற்பதை, இந்தத் துறையில் சில ஆண்டுகள் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். டயரில் காற்று இருக்காது. இருக்கைத் துணி தொட்டில்போலத் தொய்ந்திருக்கும். அதற்கு உரியவரோ முன்போலவே தரையில் தவழ்ந்துகொண்டிருப்பார். சில வீடுகளில் நிலைமை அதைவிட மோசம்: நாற்காலியில் நாள் முழுவதும் உட்கார்ந்ததாலேயே அவருக்குப் புட்டத்தில் புண் வந்து, அவர் படுத்த படுக்கையாகியிருப்பார். முதுகுத்தண்டுவடம் காயப்பட்டு உணர்ச்சி இழந்தவருக்கு அந்தப் புண் உயிரையே பறித்துவிடக்கூடும். எனவே பொருந்தாத நாற்காலியைக் கொடுப்பதை ‘இல்லாததற்கு இதுவாவது’ என்று தேற்றிக்கொள்ள முடியாது.

பொருந்தும் நாற்காலி எது என்பதில் பெருமளவு உடன்பாடு ஏற்கெனவே உருவாகியிருக்கிறது. 2006-இல் பெங்களூருவில் கூடிய பன்னாட்டுக் கூட்டத்தைத் தொடர்ந்து, உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வசதி குறைந்த சூழல்களுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2023-இல் புதிய நெறிகளும் வந்தன. 2008 நெறிகளின்படி, நாற்காலியானது உட்காருபவரின் தேவைக்கும் அவர் வாழும் சூழலுக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும். உடலுக்கு அளவாக அமைந்து நிமிர்ந்து உட்காரத் துணை செய்ய வேண்டும். பாதுகாப்பாகவும் நீடித்தும் உழைக்க வேண்டும். அந்த நாட்டிலேயே கட்டுப்படியாகும் விலையில் வாங்கவும் பழுதுபார்க்கவும் முடிய வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் நாற்காலி மூலைக்குப் போய்விடும். ஐக்கிய நாடுகள் சபை 2006-இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 20ஆம் பிரிவும், தரமான நடமாட்டக் கருவிகளைக் கட்டுப்படியாகும் செலவில் பெறுவதை உரிமையாகவே பேசுகிறது. தானம் வாங்கவந்தவரைப்போல அல்லாமல், தமக்கு உரியதைப் பெற வந்தவராக அவரை நடத்துவதற்கு இது போதிய காரணம்.

வாங்குவதற்கு முன்

2008 வழிகாட்டு நெறிகள் இந்தப் பணியை எட்டுப் படிகளாகப் பிரிக்கின்றன: தேவைப்படுவோரைக் கண்டறிந்து அனுப்புதல், மதிப்பிடுதல், ஏற்ற நாற்காலியைப் பரிந்துரைத்தல், நிதி ஒதுக்கி வரவழைத்தல், நாற்காலியைத் தயார்செய்தல், பொருத்திப் பார்த்தல், பயிற்சி அளித்தல், தொடர்ந்து கவனித்துப் பழுதுபார்த்தல். இவற்றில் நிதி கொடுப்பவர்கள் பெரும்பாலும் நான்காவது படிக்கு மட்டுமே பணம் தருகிறார்கள். மற்ற ஏழும் யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று விடப்படுகின்றன. நீங்கள் திட்டம் எழுதும்போதே மதிப்பிடும் பணியாளரின் ஊதியம், மெத்தை, உதிரிப் பாகங்கள், வீடு தேடிப் போகும் பயணச் செலவு ஆகியவற்றை நாற்காலியின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். நூறு நாற்காலிக்கு உள்ள பணத்தில் அறுபது பேருக்கு முழுமையாகச் செய்ய முடிந்தால், அறுபதே சரி என்பது என் உறுதியான கருத்து.

ஆட்களைப் பொறுத்தவரை, எல்லாவற்றுக்கும் மருத்துவ வல்லுநர் வேண்டும் என்பதில்லை. கூடுதல் தாங்கல் இல்லாமல் நிமிர்ந்து உட்கார முடிகிறவர்களுக்கான அடிப்படைப் பயிற்சித் தொகுப்பை உலக சுகாதார நிறுவனம் 2012-இல் வெளியிட்டது. உடலை நிமிர்த்திப் பிடிக்கக் கூடுதல் தாங்கல் தேவைப்படுவோருக்கான இடைநிலைத் தொகுப்பு 2013-இல் வந்தது. இயன்முறை சிகிச்சையாளர், செவிலியர், சமூக நலப் பணியாளர், கைத்தொழில் தெரிந்தவர் என யார் வேண்டுமானாலும் முதல் தொகுப்பைப் பயின்று பணியாற்றலாம். தாமே சக்கர நாற்காலியில் வாழும் ஒருவரைக் குழுவில் சேர்த்துக்கொள்வது மிகப் பெரிய பலம். அவர் ஒரு மணி நேரத்தில் சொல்லிக்கொடுப்பதை மற்றவர்கள் ஒரு மாதம் பேசினாலும் புரியவைக்க முடியாது.

மதிப்பிடும்போது கேட்க வேண்டியவை

உடன் வந்திருக்கும் உறவினரிடம் பேசாமல், உட்காரப்போகிறவரிடமே பேசுங்கள். பேச்சுத் தடையுள்ளவரானாலும், சிறு குழந்தையானாலும் முதல் கேள்வி அவருக்குத்தான். நாற்காலி கிடைத்தால் எங்கெங்கே போக விரும்புகிறார், நாளின் பெரும்பகுதி எங்கே கழிகிறது, தாமே தள்ளுவாரா அல்லது யாராவது தள்ளுவார்களா, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உட்காருவார் என்பவற்றை நிதானமாகக் கேளுங்கள். ‘பள்ளிக்கூடம் போகணும்’ என்கிற சிறுமிக்கும், ‘வாசலில் வெயில் படும்படி உட்கார வேண்டும்’ என்கிற முதியவருக்கும் ஒரே நாற்காலி பொருந்தாது.

அடுத்து வீடும் வழியும். வாசற்கதவின் அகலம், நிலைப்படியின் உயரம், கழிப்பறையும் குளிக்கும் இடமும் எங்கே இருக்கின்றன, வீட்டிலிருந்து தார்ச்சாலை வரையுள்ள வழி மணலா, சேறா, கல்லா என்பவற்றை நேரில் பார்ப்பது நல்லது. நேரில் போக முடியாவிட்டால், கதவின் அகலத்தை ஒரு கயிற்றால் அளந்து முடிச்சுப் போட்டு எடுத்துவரச் சொல்லுங்கள். யாரும் எளிதாகச் செய்துவிடக்கூடிய அந்த ஒரு கயிறு, வீட்டுக்குள் நுழையாத நாற்காலியைக் கொடுக்கும் தவறிலிருந்து உங்களைக் காப்பாற்றும்.

பிறகு உடல். தண்டுவடக் காயம், இளம்பிள்ளை வாதம், பெருமூளை வாதம், பக்கவாதம், கால் துண்டிப்பு என எந்தக் காரணத்தால் நடக்க இயலவில்லை என்று தெரிந்துகொள்வது, நாற்காலியின் அமைப்பையே தீர்மானிக்கும். புட்டத்திலும் தொடையிலும் தொடு உணர்ச்சி இருக்கிறதா, முன்பு புண் வந்திருக்கிறதா, இப்போது இருக்கிறதா என்று கேளுங்கள். தனியிடத்தில், அவர் சம்மதத்தோடு, பெண்ணுக்குப் பெண் பணியாளர் பார்ப்பதாகத் தோலைப் பார்க்கவும் வேண்டும். உட்காரும் எலும்புகள் (உட்காரும்போது புட்டத்துக்குள் எடையைத் தாங்கும் இரண்டு எலும்புமுனைகள்), வால் எலும்பு, இடுப்பின் பக்க எலும்பு ஆகியவற்றின் மேல்தான் புண் தொடங்கும். தோல் நிறம் மாறி, அந்த இடம் சூடாகவோ கெட்டியாகவோ இருந்து, அழுத்தத்தை எடுத்த பின்பும் பழைய நிலைக்குத் திரும்பாவிட்டால், அது தொடக்கநிலைப் புண். கருத்த தோலில் சிவப்பு தெரியாது என்பதால், கண்ணைவிடப் புறங்கையை நம்புங்கள். ஆறாத புண் உள்ளவருக்கு முதலில் மருத்துவம் வேண்டும். அதுவரை அவர் உட்காராமல் இருப்பதே நல்லது.

அளவெடுத்தல்

இதற்கு ஒரு அளவு நாடாவும், தடித்த அட்டை போட்ட இரண்டு பெரிய புத்தகங்களும், சில மரக்கட்டைகளும் போதும். அவரை உறுதியான, தட்டையான பலகையில் உட்காரவைத்து, பாதங்களுக்கு அடியில் கட்டைகளை வைத்துத் தொடை தரைக்கு இணையாக வரும்படி செய்யுங்கள். இடுப்பின் இருபுறமும் புத்தகங்களைச் செங்குத்தாக, சதையை நெருக்காமல் ஒட்டவைத்து, இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்தால் அதுவே இருக்கையின் அகலம். நாடாவை உடலைச் சுற்றி வளைத்து அளப்பது பழகாதவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. அப்படி எடுத்த அளவு எப்போதும் கூடுதலாகவே வரும்.

புட்டத்தின் பின்விளிம்பிலிருந்து முழங்காலின் உட்புற மடிப்பு வரை அளந்து, அதில் 3 முதல் 6 சென்டிமீட்டரைக் கழித்தால் இருக்கையின் ஆழம் கிடைக்கும். இரண்டு கால்களும் அளவில் வேறுபட்டால் குட்டையான காலின் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை உள்ள நீளம், மெத்தையின் மேற்பரப்பிலிருந்து கால்தாங்கி வரை இருக்க வேண்டிய தூரம். வழக்கமாகச் செருப்போ காலணியோ அணிபவராக இருந்தால் அதோடு சேர்த்து அளக்க வேண்டும். இருக்கையிலிருந்து விலா எலும்பின் கீழ்விளிம்பு வரையிலும், தோள்பட்டை எலும்பின் கீழ்முனை வரையிலும் அளந்தால் முதுகுச் சாய்வின் உயரத்தை முடிவுசெய்யலாம். உடலைத் தாமே நன்றாகத் தாங்கிக்கொண்டு, தாமே தள்ளிச் செல்பவருக்குத் தாழ்ந்த சாய்வு கைகளை வீசித் தள்ள இடம் கொடுக்கும். தளர்ந்த உடலுக்கு உயர்ந்த சாய்வு வேண்டும்.

இந்தச் சில சென்டிமீட்டர்களுக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று புதிதாக வருபவர்கள் கேட்பதுண்டு. இருக்கை அகலமானால் அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருவார். நாளடைவில் முதுகெலும்பு அப்படியே வளையும். சக்கரம் கைக்கு எட்டாமல் தோள் வலிக்கும். ஆழம் கூடினால் இருக்கையின் முன்விளிம்பு முழங்காலின் பின்புறத்தை உறுத்த, அதைத் தவிர்க்க அவர் முன்னால் சறுக்கி வால் எலும்பின் மேல் உட்காருவார். கால்தாங்கி உயரமாக இருந்தால் முழங்கால்கள் மேலே தூக்கி, தொடை தாங்க வேண்டிய எடை முழுவதும் உட்காரும் எலும்புகளின் மேல் இறங்கும். இவை ஒவ்வொன்றும் புண்ணுக்கோ கோணலுக்கோ வழி.

நாற்காலியைத் தேர்ந்தெடுத்தல்

மருத்துவமனை வராந்தாக்களில் காணும், துணி இருக்கையும் சிறிய முன்சக்கரங்களும் கொண்ட மடக்கு நாற்காலி, ஒருவரை வழுவழுப்பான தரையில் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் பிறர் தள்ளிச் செல்வதற்காக அமைந்தது. அதில் வாழ்நாளைக் கழிக்கச் சொல்வது தகாது. ஆயினும் உலகெங்கும் மொத்தமாக வாங்கி வழங்கப்படுவது பெரும்பாலும் இந்த வகையாகவே இருக்கிறது, விலை குறைவு என்பதால்.

கரடுமுரடான வழியில் செல்ல வேண்டியவருக்கு, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம் நீளமாக இருக்கும் அமைப்பே பாதுகாப்பானது. முன்சக்கரம் சின்னதாகவும் மெல்லியதாகவும் இருந்தால் மணலில் புதையும், கல்லில் இடறும், உட்கார்ந்திருப்பவர் முகம் குப்புற விழுவார். அகலமான, பெரிய முன்சக்கரங்கள் புதையாமல் ஏறிக் கடக்கும். இந்தப் பாடத்தை உலகுக்குச் செய்துகாட்டியவர்களில் ஒருவர் அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் ஹாட்ச்கிஸ். 1966-இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்த அவர், 1980-இல் நிகராகுவா சென்றபோது ஒரே நாற்காலியைத் தங்களுக்குள் பகிர்ந்து பயன்படுத்திய மாற்றுத்திறனாளிகளைச் சந்தித்தார். அந்தந்த நாட்டில் கிடைக்கும் இரும்புக் குழாயையும் சைக்கிள் பாகங்களையும் கொண்டு உள்ளூர்ப் பட்டறையிலேயே செய்யக்கூடிய நாற்காலிகளை உருவாக்குவதில் பின்னர் அவர் பல ஆண்டுகள் உழைத்தார். பிரிட்டன் வடிவமைப்பாளர் டேவிட் கான்ஸ்டன்டைனும் அவருடைய நண்பர்களும் 1991-இல் பங்களாதேஷில் ஒரு நாற்காலிப் பட்டறையை அமைத்துத் தொடங்கிய ‘மோட்டிவேஷன்’ அமைப்பு, முன்னால் ஒற்றைச் சக்கரத்தோடு நீண்ட அமைப்புக் கொண்ட மூன்று சக்கர நாற்காலியைப் பல நாடுகளுக்குக் கொண்டுசென்றது. கான்ஸ்டன்டைனும் சக்கர நாற்காலியைப் பயன்படுத்துபவர்தான். உட்கார்ந்து அனுபவித்தவர்கள் வடிவமைத்ததால் வந்த தெளிவு இவற்றில் தெரிகிறது.

நீண்ட நாற்காலி எல்லோருக்கும் ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். அது திரும்புவதற்கு நிறைய இடம் வேண்டும். நெருக்கமான ஒற்றை அறை வீட்டிலும் குறுகிய நடைபாதையிலும் அதனால் தொல்லைதான். வெளிவழிக்கு ஒன்று, வீட்டுக்குள் ஒன்று என இரண்டு கொடுக்க முடியாத நிலையில், எதை விட்டுக்கொடுப்பது என்பதை அவரே முடிவுசெய்யட்டும். நீங்கள் செய்ய வேண்டியது இரண்டிலும் அவரை உட்காரவைத்துச் சற்றுத் தூரம் ஓட்டிப் பார்க்கச் சொல்வது.

பின்சக்கரத்தின் அச்சை முன்னும் பின்னும் நகர்த்த முடிகிற நாற்காலியாக இருந்தால் மிக நல்லது. அச்சு முன்னால் நகர நகரத் தள்ளுவது எளிதாகும், ஆனால் நாற்காலி பின்னால் கவிழும் வாய்ப்பும் கூடும். இரண்டு கால்களும் துண்டிக்கப்பட்டவருக்கு உடலின் எடை பின்னால் குவிந்திருப்பதால் அச்சைப் பின்னால் வைத்தே தீர வேண்டும். இதைக் கவனிக்காமல் கொடுத்த நாற்காலி முதல் சரிவிலேயே அவரை மல்லாத்திவிடும். பக்கவாதத்தால் ஒரு கையும் ஒரு காலும் மட்டும் இயங்குபவர், அந்தக் காலால் தரையை உந்தித்தான் நகர முடியும் என்பதால், அவருக்குப் பாதம் தரையில் முழுதாகப் படும்படி இருக்கை தாழ்ந்திருக்க வேண்டும். அந்தப் பக்கக் கால்தாங்கியைக் கழற்றிவிடலாம்.

டயர் விஷயத்தில் ஒரு கேள்வி கேட்டாலே போதும்: இந்த அளவு டயரும் டியூபும் பக்கத்துச் சைக்கிள் கடையில் கிடைக்குமா? காற்றடைத்த டயர் கரடுமுரடான வழியில் மென்மையாகச் செல்லும்; ஆனால் பஞ்சர் ஒட்ட ஆளில்லாத இடத்தில் கெட்டி ரப்பர் டயரே உதவும். பேரிங், நட்டு, போல்ட் ஆகியவையும் அப்படியே. எந்தப் பாகம் அந்த ஊர்ச் சந்தையில் இல்லையோ, அந்தப் பாகம் தேயும் நாள்தான் நாற்காலியின் கடைசி நாள்.

மெத்தை

தொடு உணர்ச்சி இல்லாதவருக்கு மெத்தை இல்லாமல் நாற்காலி கொடுக்கவே கூடாது. இதில் சமரசத்துக்கு இடமில்லை. நமக்கு ஓரிடத்தில் உறுத்தினால் நம்மை அறியாமலே புரண்டு உட்காருகிறோம். அவருக்கு அந்த உறுத்தல் தெரிவதில்லை. எலும்புக்கும் இருக்கைக்கும் நடுவே நசுங்கும் சதைக்கு இரத்தம் போவது தடைபட்டு, சில மணி நேரத்திலேயே திசு சாகத் தொடங்கிவிடும்.

கடையில் வாங்கிய மெத்துமெத்தென்ற ஸ்பாஞ்சை வெட்டிப் போட்டால் போதும் என்று எண்ண வேண்டாம். உட்கார்ந்ததும் அது முழுதாக நசுங்கி, பலகைமேல் உட்கார்ந்ததற்குச் சமமாகிவிடும். நல்ல மெத்தையின் அடிப்பகுதி உறுதியான நுரைப்பஞ்சால் ஆனது. அதில் உட்காரும் எலும்புகள் வரும் இடத்தில் பள்ளம் குடைந்திருக்கும். பள்ளத்துக்கு முன்னால் சிறு மேடு இருக்கும். மேலே மென்மையான நுரைப்பஞ்சு அடுக்கு வரும். எலும்புகள் பள்ளத்தில் இறங்குவதால் தொடைகள் எடையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. மேடு உடலை முன்னால் சறுக்கவிடாமல் தடுக்கிறது. துணி இருக்கையாக இருந்தால் மெத்தைக்கு அடியில் ஒரு தட்டைப் பலகை வைத்தால்தான் இந்த அமைப்பு தன் வேலையைச் செய்யும். உறை ஈரத்தை உள்ளே விடாததாகவும், அதே சமயம் நெகிழ்ந்து கொடுப்பதாகவும் இருக்க வேண்டும். இறுகிய உறை பள்ளத்தை மூடிவிடும். பள்ளம் பின்பக்கம் வரும்படி வைக்க வேண்டும் என்பதை வீட்டிலுள்ள எல்லோருக்கும் காட்டிவிடுங்கள். துவைத்தபின் மெத்தையைத் தலைகீழாக வைத்துவிடுவது அடிக்கடி நடக்கிற ஒன்று. நுரைப்பஞ்சை நேர் வெயிலில் காயவைத்தால் அது கெட்டுப்போகும். நிழலில்தான் உலர்த்த வேண்டும்.

பொருத்திப் பார்த்தல்

தயாரான நாற்காலியில் அவரை உட்காரவைத்து, முன்னாலும் பக்கத்திலும் பின்னாலும் நின்று பாருங்கள். இடுப்பு நேராக இருக்கிறதா, தோள்கள் சமமாக இருக்கின்றனவா, பாதங்கள் கால்தாங்கியில் முழுதாகப் பதிகின்றனவா? கைகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டால் விரல்நுனி பின்சக்கரத்தின் அச்சருகே வர வேண்டும்; கைவளையத்தின் (சக்கரத்தைக் கையால் தள்ளப் பிடிக்கும் வளையம்) உச்சியைப் பிடிக்கும்போது முழங்கை ஏறத்தாழச் செங்கோணத்தில் மடிய வேண்டும்.

அடுத்து வருவது எந்தக் கருவியும் வேண்டாத, ஆனால் எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிற ஒரு சோதனை. என்ன செய்யப்போகிறீர்கள் என்று அவரிடம் விளக்கி, சம்மதம் பெற்றுக்கொள்ளுங்கள். அவரை ஒரு பக்கம் சாயச்சொல்லி, உங்கள் விரல்களை மெத்தைக்கும் அவருடைய உட்காரும் எலும்புக்கும் நடுவே, உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும்படி செலுத்துங்கள். அவர் மீண்டும் நிமிர்ந்து உட்கார்ந்ததும் எலும்பு உங்கள் விரல்நுனியின் மேல் அமர்வது தெளிவாகத் தெரியும். இப்போது விரல்நுனியை மேலும் கீழுமாக அசைத்துப் பாருங்கள். 5 மில்லிமீட்டர் அளவாவது அசைக்க முடிந்தால் அழுத்தம் பாதுகாப்பான அளவில் இருக்கிறது. அசைக்க முடியாவிட்டாலும் கையை எளிதாக உருவ முடிந்தால், அது எச்சரிக்கை. விரல் நசுங்கி, உருவுவதே கடினமாக இருந்தால், அந்த மெத்தையோடு அவரை அனுப்பக் கூடாது. பள்ளத்தை ஆழப்படுத்தியோ மெத்தையை மாற்றியோ மறுபடி பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் தனித்தனியாகச் செய்ய வேண்டும், ஏனென்றால் பலருக்கு இடுப்பு ஒருபுறம் தாழ்ந்திருக்கும். உங்கள் விரல் உணரும் அந்த நெருக்கத்தை அவருடைய தோல் நாள் முழுவதும் தாங்கியாக வேண்டும் என்பதை நினைத்துக்கொண்டால், இந்தச் சோதனையை ஒருபோதும் தவிர்க்க மாட்டீர்கள்.

பயிற்சி

நாற்காலியைக் கையில் கொடுத்தவுடன் வேலை முடிந்ததாக எண்ணி வண்டி ஏறிவிடுபவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். நாற்காலிக்கும் படுக்கைக்கும், நாற்காலிக்கும் தரைக்கும், நாற்காலிக்கும் கழிப்பறைக்கும் இடையே மாறி உட்காருவதை அவரும் வீட்டாரும் உங்கள் முன்னால் செய்துகாட்ட வேண்டும். மாறும் முன் பிரேக் போடுவதும், கால்தாங்கியை மிதித்து எழாமல் இருப்பதும் பழக்கமாக வேண்டும். சரிவில் இறங்கும்போது உதவுபவர் நாற்காலியைப் பின்னோக்கித் திருப்பி இறக்குவது பாதுகாப்பானது. வாசலில் சாய்தளம் கட்டுவதாக இருந்தால், ஒரு மீட்டர் உயரத்துக்குப் பன்னிரண்டு மீட்டர் நீளம் என்ற விகிதத்தை மனத்தில் வையுங்கள். அதைவிடச் செங்குத்தானால் தனியாக ஏறுவது பெரும்பாலானோருக்கு இயலாது.

அழுத்தத்தைத் தணிக்கும் அசைவு பயிற்சியின் உயிர்நாடி. அரை மணி நேரத்துக்கு ஒரு முறையாவது முன்னால் குனிந்து மார்பைத் தொடைமேல் சாய்த்தோ, ஒவ்வொரு பக்கமாகச் சாய்ந்தோ ஓரிரு நிமிடம் இருக்க வேண்டும். கைகளை ஊன்றி உடலைத் தூக்கும் முறையை முன்பு பலரும் சொல்லிக்கொடுத்தார்கள். அது தோளைத் தேய்க்கும், போதுமான நேரம் நிலைத்திருக்கவும் முடியாது, எனவே குனிவதே மேல். தினமும் படுக்கப்போகும் முன் கண்ணாடியின் உதவியாலோ வீட்டாரின் உதவியாலோ தோலைப் பார்க்கும் வழக்கத்தையும் முதல் நாளே தொடங்கிவைக்க வேண்டும்.

குழந்தைகளும் பழைய நாற்காலிகளும்

பெருமூளை வாதம் உள்ள குழந்தையைப் பெரியவர்களின் நாற்காலியில் தலையணை அடைத்து உட்காரவைப்பது பல இடங்களில் நடக்கிறது. இரக்கத்தால் செய்தாலும் அது குழந்தையின் முதுகை வளைத்து, மூச்சையும் விழுங்குதலையும் கடினமாக்கும். அத்தகைய குழந்தைக்கு இடுப்பு, மார்பு, தலை ஆகியவற்றைத் தாங்கும் அமைப்பு வேண்டும். இடைநிலைப் பயிற்சி பெற்றவர் உங்கள் குழுவில் இல்லையென்றால் அவர் இருக்கும் இடத்துக்கு அனுப்பிவையுங்கள். ‘வளர்ந்ததும் பொருந்தும்’ என்று பெரிய அளவு கொடுப்பதையும் தவிருங்கள். வளரும்போது சரிசெய்யக்கூடிய நாற்காலியைக் கொடுத்து, ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்த்து அளவை மாற்றுவதே வழி.

வெளிநாட்டிலிருந்து வரும் பயன்படுத்திய நாற்காலிகளைப் பெறுவதாக இருந்தால், அனுப்புபவரிடம் அளவு, வகை, டயர் அளவு ஆகிய விவரங்களை முன்னதாகவே கேட்டுப் பெற்று, வேண்டாதவற்றை மறுக்கத் தயங்காதீர்கள். ஒரு கொள்கலன் முழுக்கப் பெரிய உருவத்தினருக்கான அகல நாற்காலிகளாக வந்திறங்கினால், அவற்றைச் சேமிக்கும் இடத்துக்கும் அப்புறப்படுத்தும் செலவுக்கும் நீங்களே பொறுப்பு.

தொடர்ந்து கவனித்தல்

கொடுத்த ஒவ்வொருவருக்கும் ஒரு பக்க அட்டை எழுதிவையுங்கள்: அளவுகள், கொடுத்த நாற்காலியும் மெத்தையும், அழுத்தச் சோதனையின் முடிவு, அடுத்துப் பார்க்க வேண்டிய நாள். எல்லோரையும் ஒரே இடைவெளியில் பார்க்க ஆள் போதாது என்றால், குழந்தைகள், புண் வரும் வாய்ப்புள்ளவர்கள், நோய் முற்றிக்கொண்டே போகிறவர்கள், தாங்கல் அமைப்புப் பெற்றவர்கள் ஆகியோரை முதலில் பாருங்கள். முதல் சந்திப்பைச் சில வாரங்களுக்குள் வைத்துக்கொள்வது நல்லது. தவறாகப் பொருந்தியது எதுவும் அதற்குள் தலைகாட்டிவிடும்.

பராமரிப்பை வீட்டாரே செய்யும்படி கற்றுக்கொடுக்கலாம். வாரம் ஒரு முறை துடைத்து, அசையும் பாகங்களுக்கு எண்ணெய் விட்டு, டயருக்குக் காற்றடிக்க வேண்டும். மாதம் ஒரு முறை நட்டு போல்ட்டுகளை இறுக்கி, ஸ்போக்குகளையும் துருவையும் மெத்தையையும் பார்க்க வேண்டும். கட்டை விரலால் அழுத்தினால் டயர் 5 மில்லிமீட்டருக்குள்தான் அமுங்க வேண்டும். பெரும்பாலான நாற்காலிகளில் பிரேக் என்பது டயரை அழுத்திப் பிடிக்கும் ஒரு கம்பிதான் என்பதால், காற்று இறங்கிய டயரில் பிரேக்கும் பிடிக்காது. சரிவில் நாற்காலி தானாக நகர்ந்ததற்குக் காரணம் பிரேக் என்று நினைத்து அதைக் கழற்றிப் பார்ப்பவர்களுக்கு இது தெரியாது.

பெரிய பழுதுகளுக்கு, அந்தப் பகுதியிலுள்ள ஒரு சைக்கிள் கடைக்காரரையோ வெல்டிங் பட்டறைக்காரரையோ முன்கூட்டியே சந்தித்து, நாற்காலியைக் காட்டி, உதிரிப் பாகங்கள் சிலவற்றை அவரிடமே இருப்பு வைத்துவிடுங்கள். அவருடைய கடை இருக்கும் இடத்தையும் தொலைபேசி எண்ணையும், உங்கள் எண்ணையும் அழியாத மையால் எழுதி, நாற்காலியின் முதுகுச் சாய்வுக்குப் பின்னால் ஒட்டுங்கள். அட்டையில் குறித்த நாள் வந்ததும், அழைப்புக்காகக் காத்திராமல் நீங்களே போய்ப் பாருங்கள். மெத்தையைத் தூக்கி அதன் அடியைப் பாருங்கள். விரல் சோதனையை மறுபடி செய்யுங்கள்.